ராத்திரி வாட்ச்சுக்கு வர்றப்ப போனை கீழயே வச்சிட்டு வாங்க

நான் தூத்துக்குடிக்காரன், கார்கோ கப்பல்ல பல வருஷம் செகண்ட் மேட்டா ஓடிட்டு இப்ப மொரீஷியஸ்ல பாய்மரக் கப்பல்ல பசங்களுக்கு நேவிகேஷன் சொல்லிக் குடுக்கிறேன். போன மே மாசம் பக்கத்து ரீயூனியன் தீவுல இருந்து திரும்பி வர்றப்ப நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகல.

ராத்திரி 12 மணில இருந்து 4 மணி வரைக்கும் காவல் முறை, அதான் 12-4 வாட்ச். லுக்அவுட்ல, அதாவது சுத்திக் கண்காணிக்கிற வேலையில, மாஹேபூர் பையன் ஒருத்தன், மொரீஷியஸ் தென்கிழக்குக் கரை ஊரு, வீட்ல கிரியோல்தான் பேசுவாங்க, தமிழ் ஸ்கூல்ல படிச்சது, சூட்டிகையான பையன். "என்னப்பா, ஏதாவது தெரியுதா"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல அண்ணே, ஏஐஎஸ் கிளியரா இருக்கு"ன்னான், மூஞ்சி பூரா டேப்லெட் வெளிச்சம். ஏஐஎஸ்னா மத்த கப்பலுங்க ரேடியோவுல அனுப்புற இடத்தை ஸ்கிரீன்ல காட்டுற கருவி. நான் பேசாம கொஞ்ச நேரம் இருட்டைப் பாத்துட்டே நின்னேன், வலது பக்கம் முன்னால மங்கலா ஒரு வெள்ளை லைட்டு, அலை எழும்பினா மறையுது, திரும்ப வருது. கை காம்பஸ்ல பேரிங், அதாவது லைட்டு இருக்கிற திசை எத்தனை டிகிரின்னு எடுத்தேன், 5 நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு எடுத்தேன், ரெண்டும் ஒண்ணுதான். பேரிங் மாறாம லைட்டு மட்டும் கிட்ட வருதுன்னா மோதப் போறோம்னு அர்த்தம், உடனே சுக்கானைத் திருப்பி ஒதுங்கிட்டோம். தாண்டுறப்ப பாத்தா சின்ன மீன்பிடி படகு, உள்ள ரெண்டு பேர். அதுல ஏஐஎஸ்ஸுக்கு எங்க போறது?

அவனைத் திட்டல, கணக்கு போட்டுக் காமிச்சேன். கண்ணு இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், ஸ்கிரீனை ஒரு தடவை பாத்தா போச்சு, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பெரிய கப்பலோட மாஸ்ட் லைட்டு 6 மைலாவது தெரியணும்னு ரூல், அது 20 நாட்ல, அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்துல வருது, நாம 6 நாட்ல எதிர்ல போறோம்னா லைட்டு தெரிஞ்சதுல இருந்து மோதுறதுக்கு 14 நிமிஷம்தான். கண்ணு பழகுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். பாய்ல ஓடுற கப்பலுக்கு இன்ஜின் கப்பல் வழி விடணும்னு சட்டம் இருக்கு, ஆனா 300 மீட்டர் கப்பல்ல இருக்கிறவன் நம்ம லைட்டைப் பாத்தானாங்கிறதுக்கு யார் கேரண்டி? சார்ட், அதான் கடல் வரைபடம் பாக்க சிவப்பு லைட்டு வச்சிருக்கிறது சும்மா இல்ல, இருட்டுக்குப் பழகின கண்ணு கெடாம இருக்கத்தான். இன்னொண்ணு, மங்கலான லைட்டை நேரா முறைச்சுப் பாத்தா காணாமப் போயிடும், கொஞ்சம் பக்கவாட்டுல பாருங்க, தெரியும்.

மாஹேபூர்ல பிறந்தவனுக்கு அவங்க ஊர்ப் பக்கம் தரை தட்டின வாகாஷியோ கப்பலைப் பத்தி நான் என்ன சொல்ல? 2020 ஜூலை 25 சாயங்காலம், 22 மைல் தள்ளிப் போக வேண்டிய கப்பலை முதல்ல 5 மைலுக்குக் கொண்டு வந்து, அப்புறம் செல்போன் சிக்னலுக்காக 2 மைல்னு முடிவு பண்ணி, கரைப் பக்கத்து ஆழம் சரியாத் தெரியிற அளவுக்குச் சார்ட் கூட இல்லாம, கண்ணாலயும் ராடார்லயும் ஒழுங்கா வாட்ச் பாக்காம, கடைசியில பொயின்ட் டெஸ்னி பவளப்பாறையில ஏத்திட்டாங்க. சுமார் 1000 டன் எண்ணெய் லகூன்ல கலந்துச்சு. எண்ணெயைத் தடுக்கக் கரும்புச் சோகையைத் துணியில அடைச்சு ஊர் சனமே மிதவை தச்சுது, இவன் அம்மாவும் தச்சிருக்காங்க. அதைச் சொல்றப்ப பையன் தலையைக் குனிஞ்சுட்டான், எனக்கே கஷ்டமாப் போச்சு.

அப்புறம் டேப்லெட்டை அணைச்சிட்டு வானத்தைக் காட்டினேன். எங்க தாத்தா தோணியில தண்டல், அதாவது கேப்டன், கொழும்புக்கு ஓட்டினவர். தூத்துக்குடியில கையை நீட்டி முஷ்டியை மடக்கி கடல் விளிம்புல வச்சா அதுக்கு மேல துருவ நட்சத்திரம், ஏன்னா ஊர் இருக்கிறது 9 டிகிரி வடக்குல, ஒரு முஷ்டி 10 டிகிரி. இங்க அது கடலுக்கு அடியில போயிடுச்சு. தாத்தா குருசு வெள்ளின்னு சொன்ன தெற்குச் சிலுவை நட்சத்திரக் கூட்டத்தைத்தான் இங்க பிடிக்கணும், அந்தச் சிலுவையோட நீளத்தை அதே நேர்கோட்டுல அடிப்பக்கமா நாலரை மடங்கு நீட்டினா தென் துருவப் புள்ளி, அது கடலுக்கு மேல ரெண்டு முஷ்டி உயரத்துல இருந்தா நாம 20 டிகிரி தெற்குல இருக்கோம். பையன் முஷ்டி வச்சு வச்சுப் பாத்தான், மூணு தடவை.

காம்பஸ் விஷயமும் அப்பவே சொன்னேன். இந்தப் பக்கம் ஊசி உண்மையான வடக்கை விட்டு 18, 20 டிகிரி மேற்கால தள்ளி நிக்கும். 60 மைலுக்கு 1 டிகிரி தப்புன்னா 1 மைல் விலகும், அப்ப 20 டிகிரியை மறந்துட்டு ரீயூனியன்ல இருந்து 120 மைல் சொச்சம் வந்தா 40 மைல் தள்ளிப் போய் தீவையே விட்டுருவோம். ஜிபிஎஸ் இருந்தாலும் மணிக்கொரு தடவை லாக் புக்ல இடம், திசை, வேகம், காத்து எல்லாம் கையால எழுதச் சொல்றது இதுக்குத்தான், மிஷின் படுத்துட்டா கடைசியா எழுதினதுல இருந்து கணக்கு போட்டு வந்துரலாம்.

எதிர்க்காத்துங்கிறதால ரெண்டாவது ராத்திரியும் கடல்லதான். விடியறதுக்கு முன்னாடி நான் கீழ டீ போட்டுட்டு இருந்தேன், மேல இருந்து குரல் வந்துச்சு, "அண்ணே, ஆல்பியான் லைட்ஹவுஸ், பேரிங் எடுத்துட்டேன், வந்து பாருங்க." டேப்லெட் என் பங்க்ல தலகாணிக்கு அடியில கிடந்துச்சு.