ஓடாத வண்டிதான் செலவு வைக்கும்

ஏப்ரலில் பனி உருகி, சாலையில் கொட்டிய உப்பை மழை கழுவிவிட்டதும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "தம்பி, ஒரு கோல்ட் விங் பாத்திருக்கிறன். பழசுதான், ஆனா ஓடவே இல்லை." கோல்ட் விங் என்றால் ஹோண்டாவின் பெரிய பயண பைக். டொரொன்டோ பக்கம் பெரிய பைக்குகளைப் பழுது பார்த்தே பிழைக்கிறவன் நான். அந்த 'ஓடவே இல்லை' காதில் விழுந்ததும் இந்த ஆளுக்குச் செலவு இருக்கிறது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நம் ஆட்கள் பலருக்கும் இந்த ஆசை ஐம்பது வயதுக்கு மேல்தான் வருகிறது. பிள்ளைகள் படித்து முடித்திருப்பார்கள், வீட்டுக் கடன் குறைந்திருக்கும். ஊரில் ஹோண்டா 125 ஓட்டிய கை சும்மா இருக்காது. புது கோல்ட் விங் கார் விலை. அதனால் கண் பழைய ஜிஎல் 1500 மேல் விழும். 1988 முதல் 2000 வரை வந்த மாடல் அது. 1,520 சிசி, படுத்த வாக்கில் ஆறு சிலிண்டர், செயினுக்குப் பதில் ஷாஃப்ட், போதாததற்கு ரிவர்ஸ் வேறு. நான்காயிரம் டாலர் அளவுக்குக் கிடைக்கும்போது யாருக்குத்தான் கை அரிக்காது?

நான்கு வருஷம் முன்னால் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இப்படி ஒன்றை வாங்கி, டிரெய்லரில் ஏற்றி நேராக என் ஷெட்டுக்கே கொண்டுவந்தார். 97 மாடல். மெரூன் நிறம், வெயில் படாத பளபளப்பு. "அந்த வெள்ளைக்காரக் கிழவர் கராஜுக்குள்ளயே வச்சிருந்தவர் தம்பி. ஒருநாளும் மழையில நனைஞ்சதில்லை. முப்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு, வடிவா ஒருக்கா பாருங்கோ" என்றார்.

இறக்கும்போதே வண்டி பேச ஆரம்பித்துவிட்டது. நியூட்ரலில்தான் இருந்தது, ஆனால் இரண்டு பேர் தள்ளியும் நகர மாட்டேன் என்றது. பின் பிரேக் பிடித்தபடியே இருந்தது. டயரில் பல் புதுசு மாதிரி நின்றது. பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைத் துடைத்துப் பார்த்தேன்: 3108. அதாவது 2008ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த டயர். நகத்தால் அழுத்தினால் அழுந்தவில்லை, ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு. பெட்ரோல் மூடியைத் திறந்ததும் வந்தது பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவின் நாற்றம்.

அப்புறம் மீட்டரைப் பார்த்தேன். அதில் இருந்தது மைல். எல்லை தாண்டி வந்த அமெரிக்க வண்டி அது. முப்பத்தெட்டாயிரம் மைல் என்றால் அறுபத்தோராயிரம் கிலோமீட்டர். அண்ணன் முகம் வாடிவிட்டது. "அண்ணே, இந்த வண்டியில இருக்கிற ஒரே நல்ல சேதி அதுதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒழுங்காக எண்ணெய் மாற்றி ஓட்டிய இரண்டு லட்சம் கிலோமீட்டர் கோல்ட் விங் என் ஷெட்டுக்கு வருகிறது, சாவியைத் திருப்பினால் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. இந்த எஞ்சினில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் தேயாது. முதலில் போவது ரப்பரும் திரவமும். டயர், பெல்ட், ஹோஸ், ஆயில் சீல், பிரேக் ஆயில், கூலன்ட், பெட்ரோல் எதற்குமே மீட்டர் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. காலண்டர் ஓடினால் போதும், கெட்டுப்போகும். வண்டி நின்றால் இன்னும் வேகமாகக் கெடும், ஏனென்றால் எதுவும் அசைவதில்லை, எதுவும் புதுசாக மாறுவதில்லை.

பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினேன். (அதன் இரண்டு குட்டி ஸ்குரூவும் ஜப்பான் அளவு. சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவரைப் போட்டால் தலை மழுங்கிவிடும். மழுங்கிய தலையோடு வரும் வண்டிகளைப் பார்த்தாலே முன்னால் யார் கை வைத்தார்கள் என்று தெரிந்துவிடும்.) உள்ளே எண்ணெய் டீ டிகாக்‌ஷன் நிறத்தில், அடியில் பாகு மாதிரி உறைந்து கிடந்தது. அதைத் துடைத்தெடுத்தால் அடியில் இரண்டு ஓட்டைகள் இருக்க வேண்டும், ஒன்று பெரியது, ஒன்று ஊசிமுனை அளவு. சின்னது கண்ணுக்கே தெரியவில்லை. அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான், லீவரை விட்டதும் அழுத்தம் டப்பாவுக்குத் திரும்பி வரும். அது அடைத்தால் பிரேக் விடாது. விடாத பிரேக் சூடாகும், சூடானால் எண்ணெய் விரியும், விரிந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கிடாரின் மெல்லிய கம்பியில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், இதற்கென்றே. மெதுவாக நுழைத்து எடுத்துவிட்டு, புது எண்ணெய் ஊற்றி லீவரை லேசாகத் தொட்டால் அந்த ஓட்டையிலிருந்து குட்டி ஊற்று மாதிரி ஒரு சொட்டு எழும்பும். அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. செய்கிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், டேங்க் மேல் ஈரத்துணி போட்டு மூடுங்கள். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும்.

இந்த வண்டியில் கால் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரத்தோடு முன்னால் ஒரு டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும். அதனால் கால் பிரேக்கின் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரிலும் இதே வேலை. டாட் 4 என்கிற இந்த பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதுசில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நானூறு கிலோவை நெருங்கும் வண்டி, பின்னால் மனைவி, மூன்று பெட்டி நிறைய சாமான், நீண்ட இறக்கம். அங்கே எண்ணெய் கொதித்தால் மிதி வெறுமனே உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு பாட்டில் எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

சரி, நான் அதிகம் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஜிஎல் 1000 முதல் 1500 வரை எல்லா கோல்ட் விங்கிலும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட் என்கிற ரப்பர் பெல்ட், இரண்டு இருக்கும். 2001இல் வந்த 1800தான் செயினுக்கு மாறியது. பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், வால்வு வளையும். பெல்ட் விலை ஒரு டயர் விலைகூட வராது. வளைந்த வால்வுக்கு ஹெட்டைக் கழற்றி வேலை செய்யும் கூலியில் இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். ஆனால் முன் கவரைக் கழற்றாமல் பெல்ட் கண்ணுக்குத் தெரியாது, அறுவதற்கு முன் சத்தமும் போடாது. அதனால் யாருமே கேட்பதில்லை.

ஒன்டாரியோவில் பழைய வண்டியை ஓட்டப் பதிவு செய்ய 'சேஃப்டி' சர்டிபிகேட் வேண்டும். அது கையில் இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அது 36 நாளுக்குத்தான் செல்லும். அதற்காகப் பார்க்கும்போது பிரேக், விளக்கு, டயர் பல், ஸ்டியரிங் எல்லாம் பார்ப்போம். டைமிங் பெல்ட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும்தான் பார்ப்பதில்லை, அது அந்தச் சோதனையில் கிடையாது. ஆகவே விற்கிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "பெல்ட் எப்போ மாத்தினீங்க, பில் இருக்கா?" பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். எட்டு, பத்து வருஷம் தாண்டியிருந்தால் எத்தனை ஓடியிருந்தாலும் நான் மாற்றிவிடுவேன், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து.

பின் டயர் மாற்றும்போது இன்னொரு வேலை இருக்கிறது. ஷாஃப்டிலிருந்து சக்கரத்துக்குப் பலம் போகிற பல் இணைப்பு, ஸ்ப்லைன் என்போம். அதில் மாலிப்டினம் கலந்த கெட்டியான பேஸ்ட் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் வெளியே எறியப்பட்டுவிடும், இரண்டு சீசனில் பல் கத்தி மாதிரி கூராகத் தேயும். டயரை எங்கே மாற்றினாலும் சரி, "ஸ்ப்லைனுக்கு மாலி போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். சக்கரம் கையில் இருக்கும்போது ஐந்து நிமிஷ வேலை, மறந்தால் மறுபடியும் முழுக் கூலி.

1984 முதல் 87 வரை வந்த 1200 மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரிக்குக் கரண்ட் தயாரிக்கும் ஸ்டேட்டர் அதில் எஞ்சினின் பின்பக்கம் உள்ளே இருக்கிறது. எரிந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். வாங்கும் முன் வண்டியை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, பேட்டரியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். மூன்று மஞ்சள் ஒயர் சேரும் பிளக் கறுத்து உருகியிருந்தால் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். 1500இல் கார் மாதிரித் தனி ஆல்டர்னேட்டர், அந்தத் தொல்லை இல்லை. 1800 வாங்குகிறவர்கள் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால் வேலை முடிந்திருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். பின் பிரேக் விடாமல் பிடிக்கலாம் என்பதற்காக 2001 முதல் 2010 வரையும், பிறகு 2012 மாடலையும் ஹோண்டாவே திரும்ப அழைத்தது. கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் அது விட்டுப்போயிருக்கலாம். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.

அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஹேண்டில் நடுங்குகிறதா? 'பழைய வண்டி அப்படித்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன் டயர் கோணலாகத் தேய்ந்திருக்கும், அல்லது ஹேண்டில் பேரிங் தளர்ந்திருக்கும். இரண்டுமே சரிசெய்யக் கூடியவை.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் நான் பார்த்த விழுகைகளில் அநேகமாக எல்லாமே வேகத்தில் நடந்ததல்ல. பெட்ரோல் பங்கில், வீட்டு வாசலில், நடை வேகத்தில், ஹேண்டிலை ஒடித்தபடி முன் பிரேக்கைப் பிடித்ததில் நடந்தவை. சாய ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் பாதுகாப்புக் கம்பி இருக்கிறது, அது தாங்கிக்கொள்ளும். உங்கள் இடுப்பு தாங்காது. தூக்கும்போது சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, காலால் தள்ளி எழுப்புங்கள்.

அண்ணன் வண்டிக்கு மூன்று வாரம் ஆனது. கார்புரேட்டர் இரண்டையும் இறக்கினேன். சின்ன ஜெட் எல்லாம் பச்சையாக அடைத்திருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியில் எலிக் கூடு, அவ்வளவு நேர்த்தியாகப் பஞ்சு வைத்துக் கட்டியது. டயர் இரண்டு, பெல்ட், பேட்டரி, எல்லாத் திரவமும். வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் பில் வந்தது. அவர் மனைவி பில்லைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். முன்னாலேயே என்னைக் கேட்டிருந்தால், ஆயிரம் டாலர் கூடக் கொடுத்து, பில் கட்டோடு விற்கிற ஒரு லட்சம் கிலோமீட்டர் வண்டியை வாங்கச் சொல்லியிருப்பேன்.

அக்டோபரில் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எஞ்சின் எண்ணெயைக் குளிருக்கு முன்னால் மாற்றுங்கள், வசந்தத்தில் அல்ல. டேங்க்கை வாய் வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போகப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். பேட்டரிக்கு, சார்ஜ் இறங்காமல் வைத்திருக்கும் மெயின்டெய்னர் போட்டு விடுங்கள். எலி போகிற வழியை அடையுங்கள், அடைத்ததை ஏப்ரலில் எடுக்க மறக்காதீர்கள். ஜனவரியில் ஆசைக்கு ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது மட்டும் வேண்டாம். எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் அணைத்தால் உள்ளே வியர்த்த தண்ணீர் எண்ணெயிலும் சைலன்சரிலும்தான் தங்கும். இந்தக் கடைசி வரிக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. "சத்தம் கேக்காம எப்பிடித் தம்பி இருக்கிறது" என்றார்.

அடுத்த கோடையில் சூ செயின்ட் மேரி தாண்டி, சுப்பீரியர் ஏரியை ஒட்டிப் போகும் 17ஆம் நம்பர் சாலையில் வாவா வரை போனார். போன் சிக்னல் பல இடத்தில் கிடைக்காத பாதை அது. அவர் கிளம்பியதிலிருந்து எனக்கு உள்ளூர உதறல். மூன்றாம் நாள் மத்தியானம் கூப்பிட்டார். ஏரிக்கரையில் ஒரு சரிவான பார்க்கிங்கில் மூக்கை இறக்கத்தைப் பார்த்து விட்டிருக்கிறார், இப்போது பின்னால் எடுக்க முடியவில்லை. "தம்பி, ரிவர்ஸ் வேலை செய்யேல்லை. எஞ்சின் ஓடுது, நியூட்ரல் லைட் எரியுது, லீவரும் இழுத்திட்டன். ஒண்டும் நடக்கேல்லை."

இந்த வண்டியில் ரிவர்ஸ் ஓடுவது ஸ்டார்ட்டர் மோட்டாரில். பேட்டரி போய்விட்டதோ, டெர்மினல் தளர்ந்துவிட்டதோ என்று என் தலைக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. அப்புறம்தான் தோன்றியது.

"அண்ணே, சைடு ஸ்டாண்டை மேல போட்டீங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் மோட்டார் மெதுவாக முனகுவதும், பக்கத்தில் அவர் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பதும் போனில் கேட்டது.