டிரம் அடி டிவிக்கு வந்து சேரும் வழி

இசை விழாவைத் திடலில் நின்று கேட்பவருக்கும் டிவியில் பார்ப்பவருக்கும் பாட்டு ஒன்றுதான், ஒலிக்கலவை வேறு. மேடை மைக்குகளின் வயர்கள் முதலில் ஸ்ப்ளிட்டர் என்ற பெட்டிக்குள் போகின்றன. அங்கே சிக்னல் மூன்றாகப் பிரிகிறது: திடல் ஸ்பீக்கர்களுக்கான மிக்சருக்கு ஒன்று, பாடகர் தன் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் மிக்சருக்கு ஒன்று, ஒளிபரப்பு வேனுக்கு ஒன்று. கண்டென்சர் மைக் என்ற வகை வெளியிலிருந்து மின்சாரம் வந்தால்தான் வேலை செய்யும். அதற்கு வேண்டிய 48 வோல்ட்டை, ஸ்ப்ளிட்டரில் மைக்கோடு நேரடியாக இணைந்திருக்கும் ஒரே மிக்சர்தான் தருகிறது. அதை யாராவது அணைத்தால் மூன்று இடத்திலும் அந்த மைக் ஊமை.

திடல் கலவையையே டிவிக்கும் கொடுத்துவிடலாமே? முடியாது. சிறிய மேடையில் டிரம்மும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் தாமாகவே காதைப் பிளக்கும். ஆகவே திடல் மிக்சரில் இருப்பவர் அவற்றைக் குறைத்துக் குரலைக் கூட்டுவார். அது டிவியில் வந்தால் குரல் முகத்தில் அறையும், டிரம் அடுத்த தெருவில் கேட்கும்.

கூட்டத்தின் ஆரவாரத்துக்குத் தனி மைக்குகள் உண்டு. பெரிய தலைவலி இவைதான். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடைக்கு 70 மீட்டர் தள்ளி வைத்த மைக்கை டிரம் அடி சுமார் 204 மில்லி நொடி கழித்தே எட்டும். மேடை மைக்கோ அதை அந்தக் கணமே பிடித்துவிடும். இரண்டையும் அப்படியே கலந்தால் ஒவ்வோர் அடியும் இரண்டு அடியாகக் கேட்கும். மைக்கை மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்து வைத்தால் இடைவெளி சில மில்லி நொடிதான், காது அதை ஒரே அடியாகவே எடுத்துக்கொள்ளும். தூரத்து மைக்கின் ஒலியைப் பாட்டு முடிந்த பிறகு கூட்டுவது பாதுகாப்பு.

தொகுப்பாளர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பது பந்தாவுக்காக அல்ல. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், பின்னால் அதிரும் இசை கூடாது. அவர் காதுக்கு நிகழ்ச்சியின் முழு ஒலியும் போகும், அவர் குரல் மட்டும் நீங்கலாக. தவறிப்போய் அதுவும் சேர்ந்துவிட்டால் வம்பு. சிக்னல் செயற்கைக்கோள் வழியாக வந்தால், அது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். தன் சொல்லே கால் நொடி தாமதமாகக் காதில் விழுந்தால் யாருக்கும் நாக்கு குழறும். தொகுப்பாளர் சட்டென்று இயர்போனைப் பிடுங்கினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கடைசிச் சிக்கல் உதடும் ஒலியும் பொருந்துவது. ஒலி படத்தை 40 மில்லி நொடிக்கு மேல் முந்தவும் 60-க்கு மேல் பிந்தவும் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தியே வருவதால் பிந்துவதை மூளை பொறுத்துக்கொள்கிறது, முந்துவதை அவ்வளவாகப் பொறுப்பதில்லை.

வீட்டில் சோதிக்கப் பாட்டைவிடத் தொகுப்பாளர் பேச்சு நல்லது. ‘ப’, ‘ம’ வரும்போது உதடு மூடுவதைக் கவனியுங்கள். ஒலி முந்தினால் டிவி செட்டிங்கில் ஆடியோ டிலேயை 10 மில்லி நொடி வீதம் கூட்டுங்கள். பிந்தினால் அந்த டிலே ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சுழியாக்குங்கள். சுழியிலும் பிந்தினால் அநேகமாகப் புளூடூத் ஸ்பீக்கர்தான் காரணம், வயரில் இணையுங்கள். அப்போது டிவி செட்டிங்கில் இருக்கும் கேம் மோடைப் போடாதீர்கள்: அது படத்தை இன்னும் முன்னால் கொண்டுவந்து இடைவெளியை அதிகமாக்கும்.