400 மில்லிகிராம் ஈயம்: மணலில் தவறு, களிமண்ணில் சரி

1980-இல் நெதர்லாந்தின் லெக்கர்கெர்க் ஊரில் ஒரு புதுக் குடியிருப்பையே காலி செய்ய வேண்டியதாயிற்று. ராட்டர்டாமுக்குக் கிழக்கே, லெக் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. வீடுகள் கட்டிப் பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மனை போடுவதற்காகப் பழைய வாய்க்கால்களைக் குப்பை கொட்டி மூடியிருந்தார்கள். அந்தக் குப்பையோடு ரசாயனக் கழிவு பேரல்களும் மண்ணுக்குள் போயிருந்தன. டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் கசிந்து, பிளாஸ்டிக் குடிநீர்க் குழாய்களையே துளைத்து உள்ளே இறங்கின. சுமார் 270 வீடுகளில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். தோண்டியபோது 1,600-க்கும் மேற்பட்ட பேரல்கள் கிடைத்தன.

அந்த நாட்டில் அப்போது காற்றுக்கும் ஆற்று நீருக்கும் மாசுத் தடுப்புச் சட்டங்கள் இருந்தன. மண்ணுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1983-இல் அவசரமாக ஓர் இடைக்காலச் சட்டம் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் மண் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டம் என்று வந்துவிட்டால் ஓர் எல்லைக்கோடு வேண்டும்: எவ்வளவு இருந்தால் மாசு? மண் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணால் பதில் சொல்ல முடியாது.

ஈயத்தையே எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்து விதிப்படி, உலர்ந்த மண் ஒரு கிலோவில் 530 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் அது ‘தலையீட்டு அளவை’, அதாவது அரசு தலையிட வேண்டிய கடுமையான மாசு அளவை, தாண்டியதாகக் கணக்கு. ஆனால் இந்த 530, ‘நியம மண்’ என்று அவர்கள் வகுத்துக்கொண்ட ஒரு மண்ணுக்கு மட்டும் உரியது. அதில் 10 சதவீதம் கரிமப் பொருள், அதாவது மட்கு; 25 சதவீதம் களித்துகள். உண்மையான நிலத்துக்கு வரும்போது எண் மாறும். 50-உடன் அந்த மண்ணின் களி சதவீதத்தையும் மட்கு சதவீதத்தையும் கூட்டி, 85-ஆல் வகுத்து, 530-ஆல் பெருக்க வேண்டும். களி 2, மட்கு 2 என்று இருக்கும் மணல் நிலத்துக்கு வரம்பு சுமார் 337 மில்லிகிராம். களி 35, மட்கு 5 உள்ள ஆற்றங்கரைக் களிமண்ணுக்கு சுமார் 561. ஆகவே கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் இருந்தால், மணல் நிலம் கோட்டைத் தாண்டிவிடுகிறது, களிமண் நிலம் தாண்டவில்லை.

இந்த வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையும் நகரமும் அதிகம் தீண்டாத கிராமப்புற மண்களை அளந்து பார்த்ததிலிருந்து. களியும் மட்கும் கூடக் கூட, அங்கே இயல்பாகவே ஈயமும் கூடியிருந்தது. 50 கூட்டல் களி கூட்டல் மட்கு என்பது அந்தப் போக்கைக் காட்டும் கோடு. நியம மண்ணுக்கு அது 85 மில்லிகிராம். வகுக்கும் எண் அதுதான்.

காரணம் மின்சுமை. களித்துகள் இரண்டு மைக்ரோமீட்டருக்கும் சிறியது, தட்டையானது. அதன் மேற்பரப்பில் எதிர்மின்சுமை உண்டு. மட்கிலும் அப்படித்தான், அதன் அமிலத் தொகுதிகள் நேர்மின்சுமை உள்ள உலோக அயனிகளை இழுத்து வைத்துக்கொள்ளும். இரட்டை நேர்மின்சுமையோடு வரும் ஈயம் அங்கே பிடிபட்டுவிடுகிறது. குவார்ட்ஸ் மணலுக்கு இந்தப் பிடிமானம் மிகக் குறைவு. பிடிபடாத ஈயம் மண்நீரில் கரைந்து வேருக்கும் நிலத்தடி நீருக்கும் போகும். கரைப்பான், எண்ணெய் போன்ற கரிமச் சேர்மங்களுக்குக் களியால் பெரிய பயன் இல்லை. அவை மட்கில் ஒட்டுபவை என்பதால், அவற்றின் வரம்பு மட்கை மட்டும் வைத்துத் திருத்தப்படுகிறது.

எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. மண்ணின் அமிலத்தன்மை இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனிகள் போட்டிக்கு வந்து உலோகத்தைப் பிடியிலிருந்து தள்ளிவிடும். நெதர்லாந்தின் மணல் நிலங்களில் பல அமிலத்தன்மை உள்ளவை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: தலையீட்டு அளவுக்குக் கீழே என்றால் பாதுகாப்பு என்று பொருளில்லை. மனிதருக்கான ஆபத்தையும், மண்ணுயிர்களுக்கான ஆபத்தையும் தனித்தனியே கணித்து, இரண்டில் சிறிய எண்ணைத்தான் எடுக்கிறார்கள். மண்ணுயிர் பக்கத்துக் கோடு எது தெரியுமா? பாதி இனங்கள் பாதிக்கப்படக்கூடிய அளவு! மனிதர் பக்கத்திலும் அறிவு நகர்ந்திருக்கிறது. விளையாடும் குழந்தை கைவழியாக மண்ணை விழுங்குகிறது. மண் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த ஈயத்தின் ஒரு பகுதியை வயிற்று அமிலம் விடுவித்துவிடும். மிகக் குறைந்த ஈயமும் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதால், ஆம்ஸ்டர்டாம் போன்ற பழைய நகரங்களின் வீட்டுத் தோட்டங்களுக்குச் சுகாதாரத் துறையினர் சட்ட வரம்பைவிடக் கடுமையான அளவையே பரிந்துரைக்கிறார்கள். அது நியாயம்தான்.

பிஃபாஸ் என்ற, எளிதில் சிதையாத செயற்கைச் சேர்மங்கள் வந்தபோது கணக்கு இன்னும் தடுமாறியது. இயற்கையில் இல்லாத பொருளுக்கு ‘இயல்பான அளவு’ ஏது? 2019 ஜூலையில் அரசு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்று வைத்தது. ஆய்வகங்கள் நம்பகமாக அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு அதுதான். ஆனால் நாடு முழுக்க மண்ணில் ஏற்கெனவே அதைவிட அதிகம் படிந்திருந்தது. மண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக முடியாமல் கட்டுமானமும் தூர்வாரலும் முடங்கின. அக்டோபரில் கட்டுமானத் துறையினர் ஹேக் நகரில் திரண்டார்கள். நவம்பர் இறுதியில் வரம்பு, சேர்மத்தைப் பொறுத்து 0.8 அல்லது 0.9 மைக்ரோகிராம் என்று உயர்த்தப்பட்டது.

சுத்தம் செய்வதற்கான இலக்கும் மாறியது. தொடக்கத்தில், எந்தப் பயன்பாட்டுக்கும் ஏற்றபடி மண் முழுக்கச் சுத்தமாக வேண்டும் என்றார்கள். செலவு தாங்கவில்லை. 1990-களின் பின்பாதியில், நிலம் எதற்குப் பயன்படப்போகிறதோ அதற்குத் தகுந்த சுத்தம் போதும் என்று இறங்கி வந்தார்கள். ஆனால் இந்தச் சலுகை பழைய மாசுக்கு மட்டும். 1987-க்குப் பிறகு மண்ணைக் கெடுத்தவர், அளவு வரம்புக்குள் இருந்தாலும் அகற்றியே ஆக வேண்டும்.

2024 ஜனவரி 1 முதல் மண் பாதுகாப்புச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் என்ற பெரிய தொகுப்புக்குள் போய்விட்டது. வீடு கட்டும் நிலத்தில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்பதை இப்போது ஒவ்வொரு நகராட்சியும், நாடு வகுத்த உச்சவரம்புக்குள் தானே தீர்மானிக்கிறது. அதனால் மண் ஒரே மாதிரி இருந்தாலும்கூட, அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் அதே ஈயத்துக்கு வேறு வேறு பதில் கிடைக்கலாம்.