டைமிங் பெல்ட்: பாட்ஸ் கைக்கு வந்த பிறகு இஞ்சினைத் திறக்கச் சொல்லுங்கள்

பிஸ்டன்களோடு சுற்றும் கிராங் ஷாப்ட்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் காம்ஷாப்ட்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதை மாற்றும் வேலைக்குப் போகும் காசில் பெல்ட்டின் பங்கு கொஞ்சம்தான். பெல்ட்டை எட்டிப் பிடிக்க பான் பெல்ட்டுகள், கிராங் புல்லி, கவர், சில கார்களில் இஞ்சின் மவுண்ட் வரை கழற்ற வேண்டும். கூலி அதற்குத்தான். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இதோடு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. கழற்றிப் போட்ட பிறகு பாட்ஸ் தேடினால் ஊர்க் கடையில் பாதிதான் கிடைக்கும். மீதி கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாட்ஸ் கடைகளிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். வந்த பெல்ட்டில் ஒரு பல் கூடியிருந்தாலும் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவரை வான் திறந்த இஞ்சினோடு கராஜில் நிற்கும், ஹயர் ஓட்டம் போய்விடும். அவசரப்படும் உரிமையாளர் “பழைய பெயாரிங்கையே போட்டுத் தாங்க” என்று சொல்வதும் இந்த இடத்தில்தான்.

முதலில் உங்கள் வாகனத்தில் இருப்பது பெல்ட்டா செயினா என்று தெரிய வேண்டும். டொல்பின் ஹயேஸின் 2எல், 3எல், 5எல் டீசல் இஞ்சின்களும், பிறகு வந்த கேடிஎச் வான்களின் 1கேடி, 2கேடியும், 5ஏ கொரோலாவும், இந்திய அல்டோ 800உம், எல்200 பிக்கப்பின் 4டி56உம் பெல்ட்டில் ஓடுபவை. விட்ஸ், எக்சியோ, அக்வா, வெகன்ஆர் செயினில் ஓடுபவை.

5ஏ கொரோலாவில் பெல்ட் அறுந்தால் கார் நின்றுவிடும். வால்வும் பிஸ்டனும் முட்டாது என்பதால் புதுப் பெல்ட் போட்டதும் ஓடும். டீசலில் அப்படித் தப்ப முடியாது. கம்பிரஷன் கூடிய இஞ்சின்; மேலே வரும் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் மயிரிழை இடம்தான். பெல்ட் அறுந்ததும் காம்ஷாப்ட் நிற்கும், கிராங் சுற்றிக்கொண்டே இருக்கும், திறந்து நின்ற வால்வில் பிஸ்டன் போய் அடிக்கும். வால்வு வளையும், காம்ஷாப்ட்டே முறிவதும் உண்டு. அரை நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஹெட் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, வால்வு, கைட், ஹெட் கஸ்கட் வாங்கி ஒரு கிழமை இழுக்கும். பதுளை வீதியில் மகாஓயா தாண்டி இது நடந்தால் கட்டி இழுத்துவரும் செலவும் உங்கள் தலையில். ஓடும்போது இஞ்சின் சட்டென்று நின்று, ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட இலேசாகச் சுற்றினால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள். வளையாமல் தப்பிய வால்வையும் அது வளைத்துவிடும்.

பழைய டொயோட்டா இஞ்சின்களுக்கு 100,000 கிலோமீற்றர், 1கேடி, 2கேடிக்கு 150,000 என்பது பெல்ட் மாற்றக் கம்பனி சொல்லும் கணக்கு. ஆனால் ரப்பருக்கு வயதும் உண்டு. நம் பக்கத்து வெயிலில், குறைய ஓடும் காராக இருந்தாலும் ஐந்தாறு வருடத்துக்கு மேல் விடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

ரீகண்டிஷனாக வந்த வாகனத்தில் மீற்றரை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பொனட்டைத் திறந்து டைமிங் கவரிலோ அருகிலோ ஜப்பானிய எழுத்தில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தேடுங்கள். பெல்ட் மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் அங்கே எழுதி ஒட்டுவது ஜப்பான் கராஜ்களின் வழக்கம். ஆண்டு 20 என்பதுபோல் இரண்டு இலக்கத்தில் இருந்தால் அநேகமாக அது ஜப்பானியப் பேரரசர் காலத்தை வைத்து எண்ணும் ஹெய்செய் ஆண்டு. 1988ஐக் கூட்டினால் 2008 என்று வரும். ஸ்டிக்கரில் உள்ள கிலோமீற்றர் இப்போதைய மீற்றரைவிடக் கூடுதலாக இருந்தால் மீற்றர் சுற்றப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஸ்டிக்கரும் இல்லை, பில்லும் இல்லை என்றால் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்ஸ் சொல்லும்போது மாடல் பெயர் போதாது. செஸி நம்பரையும் இஞ்சின் நம்பரையும் கொடுங்கள். டொயோட்டா டைமிங் பெல்ட்டின் பாட் நம்பர் 13568 என்று தொடங்கும். பெட்டியில் உள்ள நம்பரும் பெல்ட்டின் முதுகில் அச்சிட்டதும் ஒத்திருக்க வேண்டும். பெல்ட்டோடு டென்ஷனர் பெயாரிங், ஐட்லர் பெயாரிங், டென்ஷனர் ஸ்பிரிங், காம் சீல், கிராங் முன் சீல் எல்லாம் ஒரே தடவையில் வாங்குங்கள். சீல் கசிந்து ஒயில் பட்டால் ரப்பர் ஊதி, பல் உரிந்துவிடும். கிறீஸ் காய்ந்த பழைய பெயாரிங் புதுப் பெல்ட்டின் இறுக்கத்தில் இறுகிப் போனால் புதுப் பெல்ட்டும் கருகும். 2எல் குடும்பத்தில் அதே பெல்ட்தான் டீசல் பம்பையும் சுற்றுகிறது. பம்ப் ஷாப்ட் சீலில் கசிவு இருந்தால் அதையும் இப்போதே முடியுங்கள். பழைய ஹொண்டா சிவிக் போன்றவற்றில் வாட்டர் பம்பையும் இந்தப் பெல்ட்டே சுற்றுவதால் பம்பையும் மாற்றுவதுதான் புத்தி. 4டி56இல் அதிர்வைக் குறைக்கும் பெலன்சர் ஷாப்ட்டைச் சுற்ற, பெலன்சர் பெல்ட் என்று சிறிய பெல்ட் ஒன்று உள்ளே இருக்கிறது. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கித்தான் பல இஞ்சின்கள் போகின்றன. இரண்டையும் சேர்த்து மாற்றாத வேலை, செய்யாத வேலை.

மாட்டியதும் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது. கிராங் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புல்லிகளில் உள்ள டைமிங் குறிகள் திரும்ப நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வழியில் எங்காவது இடித்து நின்றால் பலவந்தம் பண்ணாமல் மறுபடி குறி வைக்க வேண்டும். இதை உங்கள் முன்னால் செய்யச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

கீழ்க் கவரைப் போடாமல் விடும் பழக்கம் இங்கே கூடாது. மார்கழி வெள்ளத்தில் தண்ணீரோடு மணலும், வயல் வீதிகளில் வைக்கோல் தூசியும் நேரே பெல்ட்டுக்குள் போகும்.

செயின் இஞ்சின்களுக்குக் கிலோமீற்றர் கணக்கில் மாற்றும் முறை இல்லை. செயின் நீள்வது அதன் பின்கள் தேய்வதால். அதைத் தேய்ப்பது பழுதான ஒயில். டென்ஷனரும் ஒயில் பிரஷரில்தான் இயங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கரகரவென்று சத்தம் வந்து அடங்கினால், அல்லது காமும் கிராங்கும் ஒத்து வரவில்லை என்று சொல்லும் பி0016 கோட் ஸ்கானரில் வந்தால் செயினைச் சந்தேகியுங்கள். மாற்றும்போது செயின், அது உரசி ஓடும் கைட்கள், டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கவரில் பழைய சீலன்ட் துணுக்கு ஒட்டியிருந்தால் அது ஒயில் தேங்கும் சம்பில் விழுந்து, ஒயிலை வடிக்கும் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். அந்தச் சுத்தம் பார்க்க நேரம் பிடிக்கும், கூலியில் அதுவும் அடங்கும்.

டீசல் ஹயேஸில் மீற்றர் போர்டில், பெல்ட் மாற்றும் நேரம் வந்ததைச் சொல்லும் டி-பெல்ட் லைட் இருந்தால், வேலை முடிந்ததும் அதை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பெல்ட், பெயாரிங், புதுப் பெட்டிகள் மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, திகதியையும் கிலோமீற்றரையும் கவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.