மக்கள் எப்போதோ தயார், மீட்டர்தான் வரவில்லை

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் வீடுகளுக்கு சோலார் போட்டுக் கொடுப்பது என் தொழில். சூரிய மின்சாரத்தில் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு தெருவில் ஒரு வீட்டு மாடியில் பேனல் ஏறினால் போதும், அந்த வீட்டு முதல் பில் வந்த வாரத்தில் அக்கம்பக்கத்தில் இருந்து மூன்று பேராவது போன் செய்து "எவ்வளவு ஆகும், எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்" என்று கேட்கிறார்கள்.

கணக்கு எளிதுதான். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அதற்கு மாடியில் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் அந்த மானியம் எப்போது வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் பேனலில் மிஞ்சி வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் இருவழி மீட்டரை வைத்து, எல்லாம் சரிபார்த்த பிறகுதான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். போன வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் பேனல், இன்வெர்ட்டர் எல்லாம் இரண்டே நாளில் மாட்டி முடித்தோம், அப்புறம் மீட்டருக்காக மின்வாரிய அலுவலகத்துக்கு வாரக்கணக்கில் நடந்தோம். அதற்குள் அவருக்குக் கடன் தவணை தொடங்கிவிட்டது. "வெயில் அடிக்குது, பேனல் சும்மா கிடக்குதேப்பா" என்று அவர் சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

ஆட்சியில் இருப்பவர்களின் அக்கறையை நான் அளப்பது இங்கேதான். விழாவில் எத்தனை மெகாவாட் அறிவித்தார்கள் என்பது இருக்கட்டும், மீட்டர் எத்தனை நாளில் வந்தது?

விதி சரியாக இருந்தால் மக்கள் தாமாகப் பணம் போடுவார்கள் என்பதற்கு நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1986இல் தூத்துக்குடியில் அரசு சோதனைக்காகக் காற்றாலைகளை நிறுவியது. தொண்ணூறுகளில் மத்திய அரசு வரிச்சலுகை கொடுத்தது, காற்றாலை வைத்தவர் அதில் தயாரித்த மின்சாரத்தை அரசு மின்கம்பியிலேயே தன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகவும் மிச்சத்தைக் கணக்கில் சேர்த்துவைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளவும் மாநிலத்தில் வழி செய்தார்கள். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று காலம் காலமாக வீசுகிறது, கோயம்புத்தூர் நூற்பாலைக்காரர்கள் அங்கே உள்ள முப்பந்தலில் காற்றாலைக்குப் பணத்தைப் போட்டது அந்த விதிகள் வந்த பிறகுதான்.

இடையில் ஒன்று, எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன்: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் பேனல் மின்சாரம் கம்பியில் ஏறிவிடும்; கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் உயிருக்கான பாதுகாப்பு அது. இதை மறைத்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது சொந்த மாடி இல்லாதவர்கள். அடுக்குமாடியில் இருப்பவர், வாடகைக்கு இருப்பவர். வேறு இடத்தில் பலர் சேர்ந்து பேனல் போட்டு, அவரவர் பங்கு யூனிட்டை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ள டெல்லி மாநிலத்தில் 2019இலேயே விதி வகுத்துவிட்டார்கள். வாக்கு கேட்டு வாசலுக்கு வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மனு கொடுத்தால் எத்தனை நாளில் மீட்டர் வரும்? மாடி இல்லாத வீட்டுக்கு என்ன வழி? போன மாதம் பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒரு அம்மா இந்த இரண்டாவது கேள்வியை என்னிடம் கேட்டார், அவர் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.