பேட்மேனின் முதுகும் ஒடுகத்தூர்க் கிணறும்

ஒடுகத்தூர் பக்கம் மோட்டார் இறக்கப் போன பையன் ஒருவன் கிணற்றில் விழுந்தான். எங்கள் வேலூர் மாவட்டத்துக் கிணறுகள் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுச்சுவர் பாதி சரிந்திருக்கும், கோடையில் தண்ணீர் இருக்காது, விழுந்தால் பாறைதான். மார்பு முதுகெலும்பு முடிந்து இடுப்பு முதுகெலும்பு தொடங்கும் இடத்தில் முறிவு. தண்டுவடம் முடிவதும் ஏறக்குறைய அங்கேதான். அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது வாரம் பிசியோதெரபிக்கு என்னிடம் வந்தான். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மூன்றாம் நாள் கேட்டான்: "சார், முதுகு ஒடஞ்சும் பேட்மேன் அஞ்சே மாசத்துல வந்து சண்ட போட்டான். எனக்கு எத்தினி மாசம் ஆவும்?"

பக்கத்தில் இருந்த அவன் அம்மாவுக்குப் பேட்மேன் யாரென்று தெரியாது. ஆனால் பதிலுக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேட்மேன் ஹாலிவுட் சூப்பர் ஹீரோ. அவன் சொன்னது 2012இல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்' படத்தை. கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய மூன்று பேட்மேன் படங்களில் கடைசி. வந்த புதிதில் விசிலடித்துப் பார்த்தவன்தான் நானும். இவன் கேட்ட பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்.

பேன் என்ற வில்லன் பேட்மேனைத் தலைக்கு மேல் தூக்கித் தன் முழங்காலில் போட்டு முதுகை ஒடிக்கிறான். அப்புறம் கிணறு மாதிரி ஒரு பாதாளச் சிறை. (அதன் வெளிப்பக்கத்தை ஜோத்பூரில் எடுத்தார்கள், மெஹரான்கர் கோட்டை தெரியும்.) அங்கே ஒரு கைதி முதுகைத் தடவிப் பார்த்து, எலும்பு துருத்தியிருக்கிறது என்கிறார். கயிற்றில் தொங்கவிட்டு ஓங்கி ஒரு குத்து. கொஞ்ச நாளில் நாயகன் தண்டால் எடுக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தக் குத்தை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். முதுகு பிடித்துக்கொண்டால், பிறக்கும்போது கால் முதலில் வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. சாதாரணத் தசைப்பிடிப்பு நாலைந்து நாளில் தானே விட்டுவிடும், பேர் மிதித்தவருக்குப் போகும். முறிந்த முதுகெலும்பு அப்படியில்லை. உள்ளே ஓடும் தண்டுவடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்தையும் ஒரு குத்து தீர்த்துவிடும்.

சூப்பர் ஹீரோ படத்தில் போய் மருத்துவம் தேடுகிறாயே என்பீர்கள். சரி. பறக்கிற வண்டியை நம்பியவன் குத்தையும் நம்பிவிட்டுப் போகிறேன். என் புகார் கதைசொல்லலைப் பற்றியது. உடம்பைக் கதைக்குள் இழுத்து வந்ததே அந்தப் படம்தான். தொடக்கத்தில் நாயகன் கைத்தடி ஊன்றி வருகிறார். முழங்காலில் குருத்தெலும்பே இல்லை என்று டாக்டர் சொல்கிறார். அப்புறம் காலில் ஒரு கருவி மாட்டியதும் செங்கல்லை உதைத்துப் பெயர்க்கிறார். சிறையில் அந்தக் கருவி கிடையாது, ஆனாலும் தப்பிக்கச் சுவரேறுகிறார், நடுவில் ஒரு இடைவெளியைத் தாண்டுகிறார். முழங்கால் பேச்சையே காணோம்.

இதைவிடப் பெரிய ஓட்டை அந்தச் சுவரேற்றத்தில்தான் இருக்கிறது. 'உடைந்த உடம்பு எழுமா' என்று கேட்டுக்கொண்டிருந்த கதை, நடுவழியில் 'பயமில்லாதவன் தாண்ட முடியுமா' என்று கேள்வியையே மாற்றிவிடுகிறது. இடுப்பில் கயிறு இல்லாமல் ஏறினால் சாவுபயம் வரும், அந்தப் பயம்தான் தாண்ட வைக்கும். அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். முதுகெலும்பு அதற்குள் கதையை விட்டே போய்விட்டது. வெளியே வந்தவர், பேன் அடைத்து வைத்திருக்கும் தன் நகரத்துக்குள் எப்படி நுழைந்தார் என்பதையும் அதே அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

2005இல் வந்த முதல் படம் இப்படி ஏமாற்றவில்லை. அதிலும் ஒரு கிணறு வருகிறது. சிறுவனாக இருக்கும் நாயகன் விழுகிறான், டாக்டரான அப்பா கயிற்றில் இறங்கித் தூக்கி வருகிறார். அந்த விழுதலின் பயம் படம் முழுக்க அவனோடு வருகிறது. இரண்டாவதான 2008 படத்தில் போன உயிர் போனதுதான். மூன்றாவதில்தான் விலை கொடுக்காமலே எல்லாம் திரும்பக் கிடைக்கிறது. இந்த முதுகொடிப்பு முதலில் வந்த 1993 காமிக்ஸில்கூட நாயகன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார், அவர் உடையை வேறொருவர் போட்டுக்கொண்டு திரிந்தார். கடைசியில் அங்கேயும் மாயச் சக்தியால்தான் குணமாகிறது, ஆனாலும் இதழ் இதழாகக் காத்திருக்க வைத்தார்கள்.

வேலூரில் இருப்பவனுக்கு இன்னொரு கதை ஞாபகம் வராமல் இருக்காது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் எழுந்து நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. பையனிடம் இதைச் சொன்னேன். "அவங்க டாக்டரு சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுவும் நியாயம்தான்.

அவனைக் கிணற்றிலிருந்து எடுத்தபோது வேட்டியைத் தூளி மாதிரி கட்டித் தூக்கியிருக்கிறார்கள். பதறிப்போய் ஓடிவந்து உதவியவர்கள். குறை சொல்ல வாயில்லை. ஆனால் தூளியில் முதுகு வளையும். உயரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள், கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள், டூ வீலரில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். 108க்குச் சொல்லிவிட்டு, தலை அசையாமல் ஒருவர் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து, தலையும் தோளும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி உருட்டிப் பலகையில் ஏற்றுங்கள். கழற்றிய கதவு கிடைத்தாலும் போதும். தண்ணீர் கொடுக்க வேண்டாம், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். விழாதவர்களுக்கும் ஒன்று: முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எத்தனை மாதம் என்று பையனுக்கு நான் சொல்லவில்லை. முதலில் கற்றுக்கொடுத்தது படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பது. அப்புறம் நாற்காலியில் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது. சிறுநீர்க் குழாயை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தானே போட்டு எடுப்பதைத்தான் அவன் ரொம்ப வெறுத்தான். அதற்குக் கை பழகவே ஒரு மாதம் ஆனது.

அது பழகிய பிறகு ஒரு நாள், போனில் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னான்.

"இன்னா சார் படம் அது? அவ்ளோ நாளு அந்த ஜெயில்ல கெடந்தானே, ஒண்ணுக்கு எப்பிடிப் போனான்னு ஒரு சீன்கூட இல்ல."