காவிப் பல்லும் ஆக்குகிற தண்ணியும்

போன மாசம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு என் பல் கிளினிக்குக்கு வந்தார். பிளஸ் டூ படிக்கிற பெண். பேசும்போதெல்லாம் கை தானாக வாயை மூடப் போகிறது. "ஒழுங்கா பல்லே தேய்க்க மாட்டாங்க மேடம், நல்லா க்ளீன் பண்ணி விட்டுடுங்க" என்றார் அம்மா. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஈறு ஆரோக்கியமாக இருந்தது, சொத்தை ஒன்றுகூட இல்லை. பல் தேய்க்காதவள் வாய் அப்படி இருக்காது. தனியாகக் கேட்டபோதுதான் சொன்னாள்: அடுப்புக்கரி, கல் உப்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்றாம்.

அவள் பல்லில் இருந்த பழுப்புக் கோடு அழுக்கில்லை. ஃபுளூரோசிஸ். பல் உருவாகும் வயதில் தண்ணீர் வழியாக ஃபுளூரைடு என்ற உப்பு அதிகமாக உள்ளே போனால் வருவது. நம் ஊரில் காவிப் பல் என்று சொல்வது.

வெற்றிலைக் கறை, புகையிலைக் கறை, காரை இவையெல்லாம் ஈறு ஓரத்திலும் பல் இடுக்கிலும் படியும், சுரண்டினால் வரும். காவி அப்படியில்லை. பல்லின் குறுக்கே கோடு கோடாக ஓடும். வலப்பக்கப் பல்லில் எந்த உயரத்தில் கோடு இருக்கிறதோ, இடப்பக்கத்து ஜோடிப் பல்லிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும். இரண்டும் தாடைக்குள் ஒரே காலத்தில் உருவான பற்கள் என்பதால் அப்படி. பல் முளைக்கும்போது சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாக இருந்து, வெளியே வந்த பிறகுதான் பழுப்பேறும். அதனால் வீட்டில் எல்லோரும் "முளைக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு" என்று பிள்ளையைத் திட்டுகிறார்கள். பாவம், அந்தக் கோடு விழுந்தது அவள் கைக்குழந்தையாக இருந்தபோது. மேல் முன்பற்களுக்கு ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரை ரொம்ப முக்கியமான காலம். எட்டு வயதுக்குள் கடைவாய் ஞானப்பல் தவிர மற்ற பற்களின் எனாமல் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீர் குடித்தாலும் புதிதாகக் காவி ஏறாது. ஏற்கெனவே ஏறியது தானாகப் போகவும் போகாது.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பது பழைய கடினப் பாறை. அதிலுள்ள சில கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியத் தரநிலை 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது. இதற்கு ருசி கிடையாது, நாற்றம் கிடையாது. "எங்க போர் தண்ணி சர்க்கரை மாதிரி இருக்கும் மேடம்" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சுண்ணாம்புச் சத்து குறைவான, நாக்குக்கு மென்மையான தண்ணீரில்தான் பெரும்பாலும் ஃபுளூரைடு அதிகம் தங்கும்.

காவிரி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கிவைத்தார்கள். அதன் ஆங்கிலப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகும் காவிப் பல்லோடு பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"குடிக்க எந்தத் தண்ணி?"

"ஒகேனக்கல் தண்ணிதாங்க."

"ஆக்கறதுக்கு?"

இங்கேதான் ஒரு நிமிஷம் அமைதி. "அது போர் தண்ணிங்க. குழாயில ரெண்டு நாளைக்கு ஒருக்காதான வருது, ஆக்கறதுக்கெல்லாம் எப்படிப் பத்தும்?"

களி கிண்டத் தண்ணீரை உலையில் வைத்துக் கொதிக்கவிடுகிறோம். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். ஃபுளூரைடு பானையிலேயே இருந்து களியோடு வயிற்றுக்குள் போகிறது. சோறும் பருப்பும் குழம்பும் அப்படித்தான். குழந்தைக்குக் காய்ச்சும் கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். "கொதிக்க வச்சுத்தான் குடுக்குறோம்" என்பது கிருமிக்குச் சரி, இதற்கு நேர்மாறு. துணியில் வடிகட்டுவதும் மண்பானையில் ஊற்றிவைப்பதும் இதை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும், உள்ளே இருக்கிற சவ்வைக் காலத்தில் மாற்றினால். இன்னொன்று: தெருத் தொட்டியிலோ வீட்டுத் தொட்டியிலோ ஆற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்துவிட்டால் எது எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் நன்றாக அலசி நிரப்பி, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஃபுளூரைடு கண்ணாடியோடு வினை புரியும்.

பல் பார்க்க வந்த பெண்ணோடு வந்த பாட்டியை நான் பெரும்பாலும் சும்மா விடுவதில்லை. குனிந்து கீழே கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா, தாடையை நெஞ்சில் தொட வைக்க முடிகிறதா, இரண்டு கையையும் தூக்கிப் பிடரியில் கோர்க்க முடிகிறதா. முடியவில்லை என்றால் அது வெறும் வயசு வலியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல வருஷமாக எலும்பிலும் தசைநார்களிலும் ஃபுளூரைடு சேர்ந்து இறுகியிருக்கலாம். முன்கை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிந்துவிடும். இதைக் கரைத்து எடுக்க மாத்திரை கிடையாது. மெடிக்கல் கடையில் வாரக்கணக்கில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார்களே, அது கிட்னியைத்தான் கெடுக்கும்.

சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் குடலிலேயே ஃபுளூரைடைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அந்த வகையில் கேழ்வரகும் மோரும் முருங்கைக்கீரையும் நமக்கு நல்லதுதான். களியைக் குற்றம் சொல்லவில்லை, அதில் ஊற்றுகிற தண்ணீரைத்தான் சொல்கிறேன். கடுந்தேநீரைக் குறைக்கலாம், தேயிலையிலும் ஃபுளூரைடு உண்டு. பேஸ்ட் விஷயம் எல்லோரும் கேட்பார்கள்: மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, துப்பத் தெரிகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

அந்தப் பெண்ணின் முன்பற்களை மேலாக இழைத்துவிட்டு, ஆழமாக இருந்த இரண்டில் பல் நிறத்துப் பூச்சு வைத்தோம். கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மாவுக்கு நான் சொன்னதில் பாதிதான் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: "பெரியவளுக்குக் கைக்குழந்தை இருக்குதுங்க மேடம், எங்க வீட்லதான் இருக்கா. ஒரு குடம் ஆத்துத் தண்ணிய அதுக்குக் கூழ் காய்ச்சத் தனியா எடுத்து வச்சிட்டா போதுமுங்களா?"

போதும் என்றேன்.